கழுதைக்கலட்டி ஆக்கள்

"கழுதைக்கலட்டி ஆக்கள் இருந்தால் எழும்புங்கோ" என்று காணி உத்தியோகத்தர் ஒலிவாங்கியில் சொன்னதும் மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. முன்வரிசையில் யாரோ மெல்லிய குரலில் கழுதைபோலக் கத்திக் காட்ட, சிரிப்பு பின்வரிசைவரை போனது. எங்கள் ஊர்ச் சனம் நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பம். இரண்டு வரிசைக் கதிரைகளில் அடுத்தடுத்து இருந்தோம். ஒருவரும் அசையவில்லை. நான் கைப்பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி மட்டும் முன்கதிரையின் முதுகைப் பிடித்து, ஒரு முழங்காலை நிமிர்த்தி, பிறகு மற்றதை நிமிர்த்தி எழும்பினார். எண்பதைத் தாண்டிய உடம்பு, எழும்பி முடிக்க நேரமெடுத்தது. "நான் இருக்கிறன்" என்றார். "நான் கழுதைக்கலட்டி." உத்தியோகத்தர் அவரைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். "ஒரு ஆள்தானோ?" என்று கேட்டுக் கொஞ்சம் பொறுத்துவிட்டு, பட்டியலில் ஒன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த ஊரின் பெயரை வாசித்தார்.

நாங்கள் ஏன் எழும்பவில்லை என்று இன்று கேட்டால் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். இளசுகளுக்கு அப்படியொரு ஊர் இருந்ததே தெரியாது. தெரிந்த எங்களுக்கோ வெட்கம். வெட்கத்தை மூட ஒரு சாட்டும் கையில் இருந்தது: கொஞ்சம் பொறுத்தால் எங்கள் ஊரை அதன் நல்ல பெயரால் கூப்பிடுவார்கள், அப்போது எழும்பலாம். கதிரொளிபுரம் என்பது எங்கள் ஊரின் நல்ல பெயர். அகதி முகாமில் பதிந்தபோதும், குடும்ப அட்டை எடுத்தபோதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அந்தப் பெயரைத்தான் கொடுத்திருந்தோம். பட்டியல் கடைசிவரை வாசிக்கப்பட்டது. கதிரொளிபுரம் வரவேயில்லை. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மேசையடிக்குப் போனார். உத்தியோகத்தர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஐயா, அப்பிடியொரு ஊர் எங்கடை புத்தகத்திலை இல்லை" என்றார்.

அன்றைய கூட்டம் விளையாட்டுக் கூட்டம் அல்ல. காங்கேசன்துறைப் பக்கத்தில் இராணுவத்தின் முட்கம்பி வேலிக்குள் முப்பது வருடமாக அகப்பட்டுக் கிடந்த காணிகளைக் கட்டங்கட்டமாக விடப்போகிறார்கள், எந்த ஊருக்கு உரிமைகோர எத்தனை குடும்பம் இருக்கிறது என்று பார்த்து வரிசை போடப்போகிறார்கள் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். அரசாங்கப் புத்தகத்தின்படி இப்போது எங்கள் ஊருக்கு ஒரே ஒரு உரிமைகாரி. ஒரு கிழவிக்காக வேலியைத் தள்ளிப் போட எவன் வருவான்? திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி யன்னலோரம் இருந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "ஊருக்குப் போகவேணும், ஊருக்குப் போகவேணும் எண்டு முப்பது வருசமாய் அழுகிற சனம். ஊரின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பாதாம். விசர்ச் சனம்."  என்ன முகத்தோடு மறுப்பது?

மாமி என் தகப்பனின் தங்கை. அரசாங்க மருத்துவிச்சி. மாமா கப்பலில் வேலைசெய்து, பாதி வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன் கனடாவில். கலியாணம் கட்டாத நானும் அவரும் இடம்பெயர்ந்த காலம் முழுவதும் வாடகை வீடுகளில் ஒன்றாகவே இருந்தோம். நெருக்கமான ஒற்றுமை என்று சொல்லமாட்டேன். தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்பதிலிருந்து எல்லாவற்றிலும் எங்களுக்குள் பிடுங்குப்பாடு. ஆனால் அந்தப் பஸ் பயணத்தில் அவர் என்னைத் தனியாக ஒரு வார்த்தையும் சொல்லாதது பெரிய கருணை. ஏனென்றால் கதிரொளிபுரம் என்ற பெயரை முதன்முதலில் காகிதத்தில் எழுதியவள் நான்.

அதைச் சொல்லவேண்டுமானால் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கவேண்டும். பண்டத்தரிப்புப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் விடுதியில் இருந்து படித்தேன். முதல் நாள் ரீச்சர் எந்த ஊர் என்று கேட்க, சந்தோஷமாகச் சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நான் படுக்கை விரித்தால் ஒரு கத்தல், சாப்பாட்டுத் தட்டோடு நடந்தால் ஒரு கத்தல். லீவில் வீட்டுக்கு வந்து, ஊர்ப் பெயரை மாற்றாவிட்டால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறேன். பிறகு யார் கேட்டாலும் காங்கேசன்துறை என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கதைதான். கலியாணப் பேச்சுகள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் குழம்பியதுண்டு. புத்தூரிலிருந்து என் அக்காவைப் பெண்பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வண்டில் பிடிக்கத் தேவையில்லை, இஞ்சையே ஒண்டில் ஏறிப் போகலாம்போலை" என்று சொல்லிச் சிரித்ததை என் தாய் சாகும்வரை மறக்கவில்லை.

அதனால்தான் சனசமூக நிலையத்தில் பெயர் மாற்றும் கூட்டம் வைத்தபோது ஊரே திரண்டு வந்தது. இடம்பெயர்வதற்குப் பல வருடங்களுக்கு முந்திய கதை. தலைவர் அப்போது பல்கலைக்கழகம் முடித்துவந்த இளைஞர், தலைமுடி அடர்த்தியாக இருந்த காலம். சூரியனின் முதல் கதிர் எங்கள் மேட்டில்தான் விழுகிறது, ஆகவே கதிரொளிபுரம் என்று விளக்கம் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினோம். என் கையெழுத்து அழகு என்பதால் தீர்மானத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதி முடித்து, ஊர்ச்சனம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு வீட்டில் பிள்ளை பெறுவித்துவிட்டு நேராக வந்திருக்கவேண்டும். வெள்ளைச் சேலையில் இரத்தக் கறை. கதிரை போட்டும் இருக்கவில்லை. தாளை வாங்கி வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "உது ஆற்றை ஊர்?" என்று கேட்டார்.

தலைவர் முதல் கதிர் விளக்கத்தை மறுபடியும் சொன்னார். மாமி முழுவதையும் கேட்டார். "ஏன் தம்பி, வெயில் உங்களுக்கு மட்டுமோ எறிக்குது? புத்தூரிலை இருட்டோ?" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்த கையோடு மறுபடி வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. மாமி போடவில்லை. தாளை என் மேசையில் வைத்து, "கழுதைக்குத் தண்ணி வைச்ச ஊர். அதிலை என்ன குறை கண்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அந்தக் கதை ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். துறைமுகத்தில் இறங்கிய உப்பையும் புகையிலைச் சிப்பங்களையும் உள்ளூருக்குக் கொண்டுபோன வியாபாரிகள் கழுதைகளில்தான் சுமையேற்றினார்களாம். கல்லும் காய்ந்த புல்லும் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் கலட்டியில் தண்ணீரும் இல்லை. அங்கே வந்து கழுதைகள் களைத்து விழுந்திருக்கின்றன. யாரோ ஒரு குடும்பம் பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, பக்கத்தில் தொட்டி கட்டி, போகிற வருகிற கழுதைகளுக்குத் தண்ணீர் வைத்தது. கிணறு இருந்தபடியால் இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு இன்னொன்று. மாமி இதைச் சொல்லும்போது கடைசியில், "கழுதை குடிச்ச மிச்சத்தைக் குடிச்சு வந்த சனம் நாங்கள்" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். எனக்கு அந்த வயதில் அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். சோழ ராசா, பாண்டிய ராசா என்று பக்கத்து ஊர்கள் கதை வைத்திருக்கும்போது எங்களுக்கு மட்டும் ஏன் கழுதை?

சந்தியில் பெயர்ப்பலகை நட்டோம். சந்திப் பலகையை வைத்துத் தபால்காரர் கடிதம் கொடுத்தார். அவ்வளவுதான், பெயர் மாறிவிட்டது என்று நினைத்தோம். அரசாங்கப் பதிவில் மாற்றவேண்டும் என்ற யோசனை பட்டம் பெற்ற தலைவருக்கும் வரவில்லை, அழகாக எழுதிய எனக்கும் வரவில்லை. அதன்பிறகு பிறந்த பிள்ளைகளின் காதில் பழைய பெயர் விழாமல் பார்த்துக்கொண்டோம். ஒரு தலைமுறைக்குள் ஊரின் பெயரைச் சொந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைத்த சனம் வேறெங்காவது இருக்குமோ தெரியாது. அதற்குள் சண்டை வந்தது, ஒருநாள் காலையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பலகை அங்கேயே நின்றது. பெயர் மட்டும் எங்களோடு முகாமுக்கு வந்தது.

முகாமில் மாமி நடத்திய சண்டைகளை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கூசிப்போய் நின்றிருக்கிறேன். நிவாரண அட்டை பதிகிறவர், "அம்மா, உங்கடை ஆக்கள் எல்லாரும் கதிரொளிபுரம் எண்டு தந்திருக்கினம், அப்பிடியே போடட்டோ?" என்று கேட்பார். "போடவேண்டாம்" என்பார் மாமி. "வேறை நல்ல பேர் ஒண்டும் இல்லையோ அம்மா?" என்று அவர் சிரித்தால், "உனக்குக் கொம்மா வைச்ச பேர் ஒண்டுதானே மோனை? எனக்கும் ஒண்டுதான். எழுது" என்பார். முகாம் மாறும், அட்டை மாறும், எழுதுகிறவர் மாறுவார். சண்டை மாறாது. அட்டை கையில் கிடைத்ததும் கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்துத்தான் நகர்வார். ஒருமுறை பிழையாக எழுதிவிட்டார்கள் என்று கொளுத்தும் வெயிலில் மறுபடி வரிசையில் நின்றார். அப்போதெல்லாம் நான் அதை வறட்டுப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

மண்டபக் கூட்டம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை மாமி என்னை இழுத்துக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனார். காணி உத்தியோகத்தர் நல்ல மனிதர். மாமியின் பழைய அட்டைகளை வாசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரின் பட்டியலோடு சேர்த்து அவருடைய காணியை முதல் கட்டத்திலேயே போடலாம், அந்த ஊரை ஒட்டிய காணி என்பதால் சுலபம் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். மாமியோ, "மற்ற ஆக்கள்?" என்று கேட்டார். மற்றவர்களுக்கு ஆதாரம் இல்லையே என்றார் அவர். "அப்ப எனக்கும் வேண்டாம். நான் தனியப் போய் ஆரோடை கதைக்கிறது? காகத்தோடையோ?" என்று சொல்லி அட்டைகளைத் திரும்ப வாங்கிவிட்டார்.  இந்த வயதில் இன்னும் எத்தனை வருடம் கையில் இருக்கிறது என்று நினைக்கிறா மனிசி?

உத்தியோகத்தர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு குடும்பமும் தாங்கள் கழுதைக்கலட்டிச் சனம் என்று சத்தியக் கடதாசி முடித்துத் தரவேண்டும். அதில் தங்கள் காணியின் பெயரையும் எழுதவேண்டும். காணிப் பெயர் இருந்தால் பதிவகத்தில் தேடிப் பழைய உறுதிப் பத்திரத்தின் பிரதி எடுக்கலாம். இரண்டும் பொருந்தினால் மறுக்க யாராலும் முடியாது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. உறுதியில் அந்தப் பெயர்தான் முதலில் வரும், அதன் பிறகே பரப்பும் எல்லைகளும். ஆனால் உறுதிகள் ஓட்டத்தில் தொலைந்திருந்தன. காணிப் பெயர் தெரிந்த பெரியவர்கள் முகாம்களில் செத்துப்போயிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் "எங்கடை வீடு" மட்டும்தான். நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "காணிப் பேர் எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

அது வாய்ச்சவடால் அல்ல. மாமியின் தொழில் அப்படி. எங்கள் ஊரில் வீட்டிலக்கம் கிடையாது. பாதி ஆண்களுக்கு ஒரே பெயர். நேரங்கெட்ட நேரத்தில் யாராவது ஓடிவந்து படலையைத் தட்டினால் மாமி உள்ளேயிருந்து யார் என்று கேட்பதில்லை, "எந்த வளவு?" என்றுதான் கேட்பார். ஈச்சடி என்றால் மேற்குப் பக்கம், மூன்று சகோதரி என்றால் கிணற்றுக்கு அப்பால், ஆட்டுக்கொட்டிலடி என்றால் சைக்கிள் போகாது, நடக்கவேண்டும். சைக்கிளை எடுக்கும் முன்னரே வழி மனதில் விரிந்துவிடும். முப்பத்தைந்து வருடம் அப்படி ஓடி ஓடி, ஊரையே வளவு வளவாகத் தலைக்குள் வைத்திருந்தார். ஆட்களின் முகம் மறந்துபோகும், தாயின் பெயரைச் சொன்னால் போதும், எந்த வளவில், எத்தனையாவது பிள்ளை, தலை திரும்பியிருந்ததா என்பதுவரை வந்துவிடும்.

ஏழு சனிக்கிழமைகள் எங்கள் வாடகை வீட்டு விறாந்தையில் ஊர் கூடியது. கடதாசிகளை அத்தாட்சிப்படுத்தச் சமாதான நீதவான் ஒருவர் முத்திரையோடு வந்து மேசையில் இருப்பார். மாமி அவருக்குப் பக்கத்தில். மாமி ஒரு சட்டம் வைத்தார்: ஊர்ப் பெயரை நான் எழுதிக்கொடுக்கக் கூடாது, ஒவ்வொருவரும் தங்கள் கையால் எழுதவேண்டும், எழுதியதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். "எழும்பச் சொன்ன நேரம் எழும்பேல்லை. இப்ப வாயைத் திறவுங்கோ" என்றார். இளம் பிள்ளைகள் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார்கள். மாமியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். மூன்றாவது நான்காவது ஆள் வரும்போது சிரிப்பு தானாகவே நின்றுவிட்டது. மூன்று சகோதரி என்ற காணிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, எந்தத் தகப்பன் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் சீதனமாகப் பிரிக்க மனமில்லாமல் ஒன்றாகவே எழுதிக் கொடுத்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பு எங்கே வரும்?

ஒரு சனிக்கிழமை சங்கக்கடையில் வேலைசெய்கிற ஒரு பெண் வந்தாள். முப்பத்தொரு வயதிருக்கும், ஊரைவிட்டு ஓடும்போது கைக்குழந்தை. தாயும் தகப்பனும் ஷெல் விழுந்து செத்தவர்கள். ஊரைப்பற்றி அவளுக்கு எதுவுமே தெரியாது. தாயின் பெயரைச் சொன்னாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு, "ஆட்டுக்கொட்டிலடி. நீ மூத்தவள். மழை. கொம்மா கத்தேல்லை, நீதான் கத்தினனி" என்றார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வேறை என்ன மாமி? வேறை என்னவும் ஞாபகமிருக்கோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வரிசை நின்றுவிட்டது. மாமி அவளுக்கு அந்த வீட்டின் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, முற்றத்தில் என்ன மரம், தகப்பன் எங்கே நின்று அழுதான் என்று எல்லாம் சொன்னார். சமாதான நீதவான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் ஐந்தாவது சனிக்கிழமைதான் வந்தார். தன் காணியின் பெயர் தனக்குத் தெரியும், அரசடி என்று எழுதலாம் என்றார். "உன்ரை காணியிலை அரசமரம் ஏது? அது பாதிரி தோத்த வளவு" என்றார் மாமி. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் கட்ட நினைத்து மூன்று கிணறு வெட்டினாராம். மூன்றிலும் பாறை. செபம் பண்ணிவிட்டு நான்காவதைத் தோண்டினார், அதிலும் பாறை. காணியைத் தலைவரின் பூட்டனுக்கு விற்றுவிட்டுப் போனார். தலைவர் முகம் சிவந்து, இதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அரசடி என்று பதிவகத்தில் தேடுவித்திருக்கிறார். இல்லை. வேறு வழியில்லாமல் மற்றப் பெயரையும் சொல்லித் தேடுவித்தாராம். பூட்டனின் பெயரோடு, பரப்போடு, நான்கு எல்லையோடு வந்தது. அடுத்த சனிக்கிழமை பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மாமி கதிரையைக் காட்டி, "இரு தம்பி. பாதிரியாலையே ஏலாமல் போனது, நீ என்ன செய்வாய்" என்றார். மனுஷன் சிரித்தேவிட்டார். அவரைவிடச் சத்தமாக ஊர்ப் பெயரை வாசித்தவர் வேறொருவரும் இல்லை.

கடைசியாக என் முறை. எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். நீதவானும் பையைக் கட்டத் தொடங்கிவிட்டார். மாமி தாளை என் பக்கம் தள்ளி, "அந்தப் புதுப் பேரை நீ எழுதினனி. நீயே அதை வெட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் கழுதைக்கலட்டி என்று எழுதினேன். அழகான என் கையெழுத்து அன்று கோணிக்கொண்டு போனது. வாசிக்கத் தொடங்கியதும் குரல் உடைந்துவிட்டது. வெட்கத்தில் அழுதேன். ஊர்ப் பெயருக்காக அல்ல, அந்த மண்டபத்தில் கைப்பையின் பூட்டோடு இருந்துவிட்டேனே என்ற வெட்கத்தில். மாமி என் தலையைத் தடவுவார் என்று நினைத்தேன். "விளங்கேல்லை, திரும்ப வாசி" என்றார்.

இரண்டாம் முறை யாரும் எங்களை மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை. கடிதம்தான் வந்தது. விடுவிக்கப்படும் காணிகள் என்று தலைப்புப் போட்டு, ஊரின் பெயரைப் போட்டு, காணிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். நான் சத்தமாக வாசித்தேன். ஈச்சடி, மூன்று சகோதரி, ஆட்டுக்கொட்டிலடி, பாதிரி தோத்த வளவு, என் தகப்பனின் காணி. மாமியின் காணி வரவில்லை. மறுபடி வாசித்தேன். புதிய வேலி எங்கள் ஊரின் வடக்கு விளிம்பை வெட்டிக்கொண்டு போகிறது, அந்த விளிம்பில் நான்கு காணிகள் உள்ளே நிற்கின்றன, அதில் ஒன்று மாமியுடையது என்பது பிறகு கந்தோரில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. முதல் கட்டத்தில் சுலபமாக வந்திருக்கவேண்டிய காணி. எல்லாருக்குமாகப் பொறுத்ததில் வேலி இடம்மாறிவிட்டது.  யாரையாவது பிடித்துக் கத்தவேண்டும் போலிருந்தது. மாமி, "மற்ற எல்லாற்றையும் வந்திட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்? போய்ச் சனத்துக்குச் சொல்லு" என்றார்.

உள்ளே போன நாளில் ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. வீடுகளைத் தள்ளி மட்டப்படுத்தியிருந்தார்கள். ஒழுங்கைகள் இல்லை, மதில்கள் இல்லை, இடுப்பளவுப் பற்றை. சனம் அங்குமிங்கும் ஓடித் திரிந்து, எது யாருடையது என்று தெரியாமல் நின்றது. மாமியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் இருத்தினோம். முதலில் கிணற்றைத் தேடுங்கோ என்றார். பற்றையை வெட்டிக்கொண்டு போனபோது கிணறு அகப்பட்டது. அதன் பக்கத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்து தொட்டியும் இருந்தது. கல்லால் கட்டிய நீளத் தொட்டி, விளிம்பு என் முழங்காலுக்குக் கீழே. மனிதர் குளிக்கக் கட்டியதில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. தலைவர் வேட்டியை மடித்துக்கட்டி, அதற்குள் கிடந்த மண்ணைக் கையால் அள்ளி வெளியே போட்டார். அந்தக் கிணற்றை வைத்து மாமி ஊரை விரித்தார். "கிணத்துக்கு முதுகு காட்டி நில். வலப்பக்கம் நாப்பது காலடி வை. ஓம், அதுதான் மூண்டு சகோதரி." பின்னேரம் ஆவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடியாவது நட்டுவிட்டது. மாமியின் காணியில் மட்டும் நட யாராலும் முடியவில்லை. புது வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய பனைகள் மூன்று தெரிந்தன.

என் காணியில் தகரக் கொட்டில் போட்டு நாங்கள் இருவரும் குடிவந்தோம். அதன்பிறகு மாமி மாதத்துக்கு ஒருமுறை கந்தோருக்குப் போனார். உத்தியோகத்தர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார், கழுதையிலிருந்து. மாற்றுக் காணி தருகிறோம் என்றவர்களிடம், "என்ரை காணி செத்துப்போச்சோ, மாத்தி எடுக்க?" என்று கேட்டார். கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் போனதும் தன் காணி உறுதியை என் பெயருக்கு நன்கொடையாக எழுதுவித்தார். மகன் இருக்கிறான், ஏன் எனக்கு என்று கேட்டேன். "அவன் கெட்டிக்காரன், நல்லவன். ஆனால் கந்தோர் வாசலிலை நிக்கமாட்டான். நீ நிப்பாய்" என்றார். போன மாரியில், இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விட்டார். எனக்குத் தெரிந்தவர்களில் இப்படிப் பிடிவாதமாக நேசித்தவர் வேறொருவர் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது சண்டைபிடிக்க ஆளில்லாமல் கை நின்றுவிடுகிறது.

இப்போது நான் போகிறேன். போன மாதம் புதிதாக வந்திருந்த காணி உத்தியோகத்தர் இளம்பெண், மரியாதையான பிள்ளை. எனக்குக் கதிரை போடுவித்து, ஒரு படிவத்தை முன்னால் வைத்தாள். மாற்றுக் காணியும் கட்டிய வீடும் தருகிறார்கள், விளிம்புக் காணிக்காரர் மற்ற மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள், நீங்கள் ஓராள்தான் மிச்சம், உங்களுக்கும் வயது போகிறது அல்லவா என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முழங்கால் எனக்கும் நோகத் தொடங்கிவிட்டது. படிவத்தில் முன்னைய கிராமம் என்ற இடத்தில் கழுதைக்கலட்டி என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அன்ரி அப்பிடியொரு பேர்?" என்று கேட்டாள். துறைமுகத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவசரப்படவில்லை. சொல்லி முடித்துவிட்டு, சம்மதம் என்று இருந்த கட்டத்துக்குள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதம் எந்தத் திகதிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.